எண்ணெய் இருந்த இடமும் போன இடமும்

ஆர்க்டிக் பகுதியிலுள்ள பேரன்ட்ஸ் கடலின் நார்வேப் பகுதியில் துளையிட்ட கிணறுகள் பல எண்ணெய் தராததைக் காட்டி, அங்கே எண்ணெயே உருவாகவில்லை என்று யாராவது முடிவுகட்டினால் என் மனம் ஒப்புவதில்லை. ஹாமர்ஃபெஸ்ட் நகருக்கு வடமேற்கே, 1984-இல் கண்டறியப்பட்ட ஸ்னோவிட் எண்ணெய்-எரிவாயு வயலில், சுமார் 2,300 மீட்டர் ஆழத்து ஜுராசிக் கால மணற்கல்லில் நிறைந்திருந்தது பெரும்பாலும் எரிவாயுதான். அதன் அடியில் எண்ணெய் மெல்லிய அடுக்காகவே எஞ்சியிருந்தது. ஆனால் அந்த அடுக்குக்கும் கீழே, இன்று நீர் நிறைந்திருக்கும் மணற்கல்லிலும் எண்ணெய்க் கறை படிந்திருக்கிறது.

அத்தகைய கறையை மாணவப் பருவத்தில் ஆய்வக மேசையில் பார்த்திருக்கிறேன். பகல் வெளிச்சத்தில் சாதாரணப் பழுப்புக் கல்லாகத் தெரிந்த துண்டு, விளக்கை அணைத்துப் புறஊதா ஒளியைக் காட்டியதும், மணிகளுக்கு இடையே இளமஞ்சளாக ஒளிர்ந்தது. எண்ணெய் வந்து தங்கிப் போயிருந்தது.

ஏன் போனது? நவீன உயிரூழியில், அதாவது கடந்த சுமார் ஆறரைக் கோடி ஆண்டுகளில், இப்பகுதி மேலெழுந்து, பின்னர் பனிப்பாறைகளாலும் அரிக்கப்பட்டு, ஸ்னோவிட் அமைந்துள்ள ஹாமர்ஃபெஸ்ட் கடலடிப் படுகையில் மட்டுமே ஏறக்குறைய ஒரு கிலோமீட்டரோ அதற்கு மேலோ தடிமனான பாறையை இழந்தது. மேற்சுமை குறையக் குறையத் எண்ணெயும் வாயுவும் தங்கியிருந்த தேக்கப்பாறையின் அழுத்தமும் இறங்கியது. எண்ணெயில் கரைந்திருந்த வாயு பிரிந்தது, ஏற்கெனவே இருந்த வாயுவும் விரிந்தது. தண்ணீருக்குள் கவிழ்த்துப் பிடித்த சொம்பில் மேலே காற்றும் அதன் கீழே எண்ணெயும் நிற்பதாக நினைத்துக்கொள்ளுங்கள்: காற்று பெருகினால் விளிம்பைத் தாண்டி முதலில் வெளியேறுவது எண்ணெய்தான். அதோடு, மேலெழுச்சியில் பிளவுகள் மீண்டும் திறந்து அவற்றை மேலிருந்து அடைத்து நின்ற மூடுபாறை கசிந்ததும் சேர்ந்துகொண்டது. பாறை குளிர்ந்ததால், வெப்பத்தில் எண்ணெயை உருவாக்கும் மூலப்பாறையிலிருந்து புதிய எண்ணெய் வந்து இழப்பை ஈடுசெய்யவும் வழியில்லாமல் போனது.

வெளியேறிய எண்ணெய், நீரைவிட எடை குறைந்ததால், சரிவில் மேல்நோக்கியே நகரும். 2000-இல் அதே படுகையின் தென்கிழக்கு ஓரத்தில், இன்னும் குறைந்த ஆழத்தில், கோலியாட் எண்ணெய் வயல் கண்டறியப்பட்டது. ஸ்னோவிட் இழந்ததுதான் அங்கே போய்ச் சேர்ந்தது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் வாயு மட்டுமே கிடைத்த கிணற்றின் அறிக்கை கைக்கு வந்தால், வாயுவின் அளவைப் படிக்கும் முன் அதற்குக் கீழே கறை எவ்வளவு ஆழம் வரை இறங்கியிருக்கிறது என்பதையும், விளிம்பிலிருந்து மேட்டுப்பக்கம் மணற்கல் எங்கே தொடர்கிறது என்பதையும்தான் நான் முதலில் தேடுகிறேன்.