ஜனகவல்லித் தாயார் சந்நிதியில் ஒரு கும்பினிக் கலெக்டரின் பெயர்

சென்னையிலிருந்து திருச்சி செல்லும் நெடுஞ்சாலையில், செங்கல்பட்டைத் தாண்டி வரும் மதுராந்தகத்தில் எழுந்தருளியிருக்கும் ஏரி காத்த ராமரைச் சேவிக்க, ஐப்பசி மழை சற்றே ஓய்ந்திருந்த ஒரு காலையில் குடும்பத்தோடு சென்றிருந்தோம். பட்டர் தீபம் காட்டியபோது, சீதாப்பிராட்டியின் கரத்தைப் பற்றியபடி ராமபிரான் நிற்கும் திருக்கோலத்தை விட்டுக் கண் அகல மறுத்தது. ஆசாரியர் பெரிய நம்பிகள் மகிழ மரத்தடியில் உடையவராகிய ராமாநுஜருக்குப் பஞ்ச சம்ஸ்காரம் என்னும் வைணவ தீட்சை செய்து வைத்த தலமும் இதுவே.

ஆயினும் நான் நெடுநேரம் நின்றது ஜனகவல்லித் தாயார் சந்நிதியில்தான். இந்தத் தர்மம் கும்பினி ஜாகீர் கலெக்டர் லியோனல் பிளேஸ் துரையுடையது என்று அங்குள்ள கல்லெழுத்து அறிவிக்கிறது. கும்பினி என்பது கிழக்கிந்தியக் கம்பெனி; ஜாகீர் என்பது வரி வருவாயை அனுபவிக்க அளிக்கப்பட்ட நிலப்பகுதி. ஆற்காடு நவாப் முகமது அலி 1763-இல் கும்பினிக்கு ஜாகீராக அளித்த செங்கல்பட்டுச் சீமை, 1780-இல் ஹைதர் அலியின் படையெடுப்பில் சூறையாடப்பட்டு, குடிகள் சிதறி, ஏரிகள் மராமத்தின்றிப் பாழ்பட்டது. 1794 முதல் 1798 வரை அங்கே கலெக்டராக இருந்த பிளேஸ் வரி வசூலில் மிகக் கடுமையானவர். மிராசுதாரர்களோடு அவருக்கு ஓயாத பிணக்கு இருந்தது. அதே சமயம், ஏரிகளைச் செப்பனிடுவதிலும் கோயில் உற்சவங்கள் தடையின்றி நடப்பதிலும் அவர் ஊக்கம் காட்டினார்.

ஆண்டுதோறும் பெருமழையில் உடைப்பெடுத்த மதுராந்தகம் ஏரியைப் பார்வையிட வந்த பிளேஸ் துரையிடம், தாயார் சந்நிதித் திருப்பணிக்கு ஊரார் உதவி கேட்டார்களாம். "உங்கள் ராமன் இந்த முறை கரையைக் காக்கட்டும், பார்க்கலாம்" என்றாராம் அவர். மழை கொட்டிய நள்ளிரவில், கரை என்னவாயிற்றோ என்ற பதைப்புடன் சென்றவருக்கு, வில்லேந்திய இரு வீரர்கள் கரைமேல் காவல் நிற்பது தெரிந்ததாம். மண்டியிட்டுத் தொழுத அவரே முன்னின்று சந்நிதியைக் கட்டுவித்தார் என்பது தலபுராணம்போல் இங்கு வழங்கும் வரலாறு.

கரை உடைந்தால் ஏரி நீரால் பாசனம் பெறும் ஆயக்கட்டு நிலங்கள் அழியும், கும்பினியின் வருவாயும் போகும் என்ற கணக்கு அந்த அதிகாரியின் மனத்தில் இருந்திருக்கும் என்பதில் எனக்கு ஐயமில்லை. 1817-ஆம் ஆண்டின் 7-ஆம் ஒழுங்குமுறைச் சட்டத்தின் வழியே சென்னை மாகாணத்துக் கோயில் சொத்துகளை ரெவின்யூ போர்டின் மேற்பார்வையில் கும்பினி கொண்டுவந்ததையும் அந்தக் கணக்கிலிருந்து பிரித்துப் பார்க்க முடியாது. ஆனால் வருவாய்க்காக மட்டுமே என்றால் கரையைப் பலப்படுத்தியதோடு அவர் நின்றிருக்கலாம். தாயாருக்குச் சந்நிதி எழுப்ப வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. அவர் ராமனிடம் தோற்றார் என்றே நான் முழுமனத்துடன் நம்புகிறேன்.

இங்கு வருவோர் மூலவரைச் சேவித்தவுடன் திரும்பிவிடாமல், தாயார் சந்நிதியில் அந்தக் கல்லெழுத்தை நின்று வாசிக்க வேண்டும். திருப்பணி செய்வோரும் அந்த எழுத்துகள்மேல் வண்ணமோ சுண்ணாம்போ படாமல் காக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.