துண்டு வெட்டும் நாளில் கேட்க வேண்டியவை

இதயச் செயலிழப்பால் வீங்கி வந்து, வீக்கம் வடிந்து, துண்டு வெட்டி (டிஸ்சார்ஜ் ஆகி) தேயிலைத் தோட்டத்து லய வீட்டுக்குப் போனவர் மூன்றே வாரத்தில் அதே மூச்சுத்திணறலோடு திரும்பி வந்தால், "சொன்னதைக் கேட்கவில்லை" என்று எழுதிவிடுவது வார்டில் உள்ள எங்களுக்குச் சுலபம். அவருடைய மருந்துப் பையைக் கொட்டி எண்ணினால்தான் விஷயம் பிடிபடும். மற்ற மாத்திரைகள் முடிந்திருக்கும். சிறுநீர் போவதற்கான ஃபுரூசமைட் மட்டும் உறையில் அப்படியே கிடக்கும்.

விழுங்கிய ஒரு மணி நேரத்துக்குள் சிறுநீர் முட்டும். ஏறக்குறைய ஆறு மணி நேரம் விடாது. காலையில் போட்டால், பெரட்டு (காலை ஆள்கணக்கு) முடிந்து மலையில் கொழுந்து பறிக்கும் நேரம் அது. அங்கே கழிப்பறைக்கு எங்கே போவது? வேலை நாளில் மாத்திரையை விட்டுவிடுகிறார்கள். வெட்கத்தில் டாக்டரிடமும் சொல்வதில்லை. "எத்தனை மணிக்கு மலைக்குப் போவீங்க அக்கா?" என்று துண்டு வெட்டுமுன் நாம்தான் கேட்க வேண்டும். நாளுக்கு ஒரு தடவை மட்டும் போடும் மருந்து என்றால், வீடு திரும்பியதும் நாலு மணிக்குப் போடலாமா என்று டாக்டரிடம் கேட்டு மாற்றிக்கொள்ளலாம். அதற்கு மேல் பிந்தினால் ராத்திரிக் குளிரில் வெளிக் கழிப்பறைக்கு நடந்து வழுக்கி விழுவார்கள்.

எடை பார்க்கத் தெரியாதவர்கள் என்று நினைக்க வேண்டாம். கொழுந்து நிறுக்கும் இடத்தில் அரைக் கிலோவுக்கு வாதாடுகிறவர்கள் அவர்கள். மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் அது சதையல்ல, இரண்டு லீட்டர் தண்ணீர் என்றால் உடனே விளங்கும். காலையில் சிறுநீர் கழித்த பின், சாப்பிடுமுன், ஒரே தராசில் பார்க்க வேண்டும். வீட்டில் தராசு இல்லையா? செருப்பு வார் இறுகுகிறதா, ராத்திரி இன்னொரு தலையணை தேவைப்படுகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். அப்படியானால் கிளினிக் நாள் வரை காத்திருக்கக் கூடாது.

"உப்பைக் குறையுங்க" என்றால் கறியில்தான் குறைப்பார்கள். கருவாடும் கட்டச்சம்பலும் தட்டிலேயே இருக்கும். எல்லாம் சேர்த்து ஒருவருக்கு நாளுக்கு ஒரு தேக்கரண்டி உப்புத்தான், அதுவும் தலைதட்டி. இதைச் சமைக்கிற மருமகளிடம் சொல்லாமல் நோயாளியிடம் மட்டும் சொல்வது வீண். முழங்கால் வலிக்கு டவுன் பார்மசியில் வாங்கும் டைக்ளோஃபெனாக்கையும் கேட்டுப் பாருங்கள். உடம்பில் தண்ணீரைத் தேக்கி, சிறுநீரகத்தையும் கெடுக்கும்.

துண்டு வெட்டும்போது கொடுக்கும் கார்ட் ஆங்கிலத்தில் இருக்கும். பின்பக்கம் தமிழில் மருந்து நேரத்தை எழுதிக் கொடுத்து, "வீட்டுல கேட்டா என்ன சொல்லுவீங்க?" என்று திருப்பிச் சொல்ல வையுங்கள். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினால் 1990 என்ற எண்ணுக்கு அழைத்து அம்புலன்ஸைக் கூப்பிடச் சொல்லுங்கள். மேல்கணக்கு (தோட்டத்தின் மேல் பிரிவு) லயம் வரை வண்டி ஏறாத தோட்டங்கள் உண்டு. எந்தச் சந்தியில் நிற்பது என்பதையும் அந்தக் கார்டிலேயே எழுதிவிடுங்கள்.