டபுள் பேஸுக்கு எந்த மைக்?

ஆளுயர வயலின் போன்ற, தாழ்ந்த சுரங்களைத் தரும் தந்தி வாத்தியமான டபுள் பேஸைப் பதிவு செய்வதற்காக ஒரே அறையில், ஒரே நாளில் மைக்குகளை மாற்றி மாற்றி வைத்துக் கேட்டேன். அதன் மிகத் தாழ்ந்த தந்தியான ‘ஈ’ சுமார் 41 ஹெர்ட்ஸில் அதிர்கிறது. ஆனால் அந்தச் சுரத்தை நம் காது தெளிவாக உணர்வது, 82, 123 ஹெர்ட்ஸில் எழும் மேற்சுரங்களாலும், விரல் தந்தியை விடுவிக்கும் நொடியில் எழும் மெல்லிய உரசலாலும்தான்.

பெரிய டயஃப்ரம் (ஒலியை வாங்கி அதிரும் மெல்லிய தகடு) கொண்ட, நுண்ணொலியையும் பிடிக்கும் கண்டென்சர் வகை மைக்கைப் பிரிட்ஜிலிருந்து (தந்திகளைத் தாங்கும் மரக்கட்டை) ஒன்றரை அடி தள்ளி வைத்தபோது, மரம் மூச்சுவிடுவதே கேட்பதுபோல் இருந்தது. அதையே வாத்தியத்தின் முகப்பில் உள்ள ‘f’ வடிவ எஃப் துளைக்கு நேராக அரை அடிக்குள் நகர்த்தியதும் அடியொலி வீங்கி, ஒவ்வொரு சுரமும் அடுத்ததோடு குழைந்துவிட்டது. இந்த அருகாமை விளைவு மிகக் குறைவாக இருக்கும்படி வடிவமைக்கப்பட்ட எலக்ட்ரோ-வாய்ஸ் ஆர்இ20 என்ற டைனமிக் (காந்தமும் கம்பிச்சுருளும் கொண்டு இயங்கும்) மைக், கிட்ட வைத்தும் தெளிவு குலையாமல் தந்தது. எதிரொலிக்கும் சாதாரண வீட்டு அறைகளுக்கு நான் இதையே தேர்வு செய்வேன்.

மேடையில் நிலைமை வேறு. ஒலிபெருக்கியின் சத்தத்தை வாங்கி அந்தப் பெரிய மரப்பெட்டியே அதிர்வதால், சற்றே ஒலியைக் கூட்டினாலும் மைக் ஊளையிடத் தொடங்கும். பிரிட்ஜில் பொருத்தி, அதன் அதிர்வை நேரடியாக மின்குறியாக மாற்றும் பியஸோ பிக்கப் இதை வெகுவாகத் தாங்கும். ஆனால் அதற்கு 1 மெகாஓமுக்குக் குறையாத உள்ளீட்டு மின்மறுப்புள்ள (மின்னோட்டத்துக்கு உள்ளீடு காட்டும் தடை) ப்ரீஆம்ப், அதாவது மெல்லிய மின்குறியைப் பெருக்கும் கருவி, வேண்டும், இல்லாவிட்டால் அடியொலி மெலிந்து ‘டக் டக்’ என்ற வறட்டுச் சத்தமே மிஞ்சும். ஆகவே, அடியொலியைப் பிக்கப்பிடம் விட்டுவிட்டு, தந்தியருகே பொருத்திய சிறு கிளிப் மைக்கில் சுமார் 150 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ளதை வெட்டி, இரண்டையும் கலந்தே வாசிக்கிறேன்.