போகும் வழியைச் சொல்லிப் புத்தகம் கேளுங்கள்: வேலூரில் ஒரு சுற்று

காட்பாடியில் ரயிலை விட்டு இறங்கி வேலூருக்குள் வருபவர்களில் பலர் சி.எம்.சி. மருத்துவமனைக்குப் போகிறவர்கள்தான். காந்தி ரோட்டிலும் சுற்றியுள்ள லாட்ஜ்களிலும் வங்காளமும் இந்தியும் தமிழுக்குச் சமமாகக் காதில் விழும். டோக்கன் போட்டுவிட்டு ரிப்போர்ட்டுக்காக உட்கார்ந்திருப்பவர்களுக்கும் துணைக்கு வந்தவர்களுக்கும் பொழுது மலைபோலக் கிடக்கிறது. இவர்கள் கையில் எதைக் கொடுப்பது என்று யோசிக்கிற புத்தகக் கடைதான் இந்த ஊருக்குப் பொருத்தமான கடை. ஊர் பார்க்க வருகிறவர்களுக்கும் அந்தக் கடையே நல்லது.

கடைக்குள் போய், ‘நல்ல புத்தகமா ஒண்ணு குடுங்க’ என்று மட்டும் கேட்காதீர்கள். அப்படிக் கேட்டால் எந்த ஊரிலும் விற்கிற அதே பத்துத் தலைப்புகள்தான் மேஜைக்கு வரும். கடைப் பையனைக் குறை சொல்ல முடியாது, உங்களைப் பற்றி அவருக்கு ஒன்றுமே தெரியாதே. ‘அண்ணே, சாயங்காலம் கோட்டை பாக்கப் போறேன், நாளைக்கு வாலாஜா. ரெண்டு ராத்திரி இருக்கு, முந்நூறு ரூபாய்க்குள்ள வேணும்’ என்று சொல்லிப் பாருங்கள். வழி, நேரம், பணம் மூன்றும் தெரிந்துவிட்டால் அவர் நேராக அலமாரிக்குப் போவார். நேரத்துக்கு ஒரு தோராயக் கணக்கு வைத்துக்கொள்ளலாம்: நிதானமாகப் படித்தால் தமிழ் நாவல் மணிக்கு 30 பக்கம் ஓடும். 200 பக்க நாவலுக்கு ஏழு மணி நேரம் வேண்டும். ஆஸ்பத்திரி வராந்தாவில் பெயர் கூப்பிடுகிறார்களா என்று ஒரு காதைத் தீட்டிக்கொண்டு படிக்கிறவருக்கு நாவல் சரிப்படாது. பத்துப் பக்கச் சிறுகதைகள் உள்ள தொகுப்பைக் கேளுங்கள்.

சில கடைகளில் ஊழியர்களே கையால் எழுதிய பரிந்துரை அட்டைகளை அலமாரியில் செருகி வைக்கிறார்கள். ‘அருமையான நாவல், அவசியம் படியுங்கள்’ என்று எழுதிய அட்டையால் யாருக்கும் பிரயோசனமில்லை. யார் படிக்கலாம், எவ்வளவு நேரம் பிடிக்கும், எந்த இடத்தில் கொஞ்சம் இழுக்கும் என்று நாலு வரியில் சொல்கிற அட்டையை நம்பலாம். குறையையும் எழுதியிருந்தால் அவர் படித்துவிட்டுத்தான் எழுதியிருக்கிறார். இன்னொன்று: கடைசிப் பிரதி விற்றுப்போன பிறகும் அட்டை அங்கேயே நிற்பது வழக்கம். அதைப் பார்த்தால், ‘வருமா?’ என்று கேட்காமல் ‘எப்போ வரும்?’ என்று கேளுங்கள். சின்னப் பதிப்பகங்கள் இப்போது நூறு, இருநூறு பிரதி என்றுதான் அச்சிடுகின்றன. தீர்ந்தால் அடுத்த அச்சுக்குக் காத்திருக்க வேண்டியதுதான்.

கோட்டைக்குப் போகுமுன், இந்தியச் சிப்பாய்கள் ஆங்கிலேயருக்கு எதிராக எழுந்த 1806 வேலூர்ப் புரட்சி பற்றி ஒரு நூல் படிப்பது அவசியம் என்பேன். படிக்காமல் போனால் அகழியும் ஜலகண்டேஸ்வரர் கோயிலும் கண்ணுக்கு நிறையும், ஆனால் ஜூலை 10 விடியற்காலை அங்கே நடந்தது புலப்படாது. எந்த நூலை வாங்குவது என்பதைக் கடையில் நின்றே சோதிக்கலாம். கோட்டையின் வரைபடம் இருக்கிறதா? பின்னால் பெயரடைவு இருக்கிறதா? புதுத் தலைப்பாகை, நெற்றிக்குறிக்கும் தாடிக்கும் வந்த தடை, 1799இல் திப்பு சுல்தான் வீழ்ந்த பிறகு இங்கே வைக்கப்பட்ட அவர் குடும்பம் ஆகிய காரணங்களைத் தனித்தனியாகப் பிரித்து ஆராய்கிறதா? ஆற்காட்டிலிருந்து ஆங்கிலப் படை அதிகாரி கில்லெஸ்பி குதிரைப் படையோடு வந்து அடக்கியதை ஒரே பத்தியில் முடித்துவிடுகிற நூல் என்றால் வைத்துவிடுங்கள். ஆற்காடு அவ்வளவு அருகில் இருந்ததால்தான் அன்றைக்கே எல்லாம் முடிந்துபோனது. படித்தபின் மக்கான் சந்திப்புப் பக்கத்திலுள்ள புரட்சி நினைவுத்தூணையும் பாருங்கள். கோட்டைக்குள் இருக்கிற அரசு அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை, அன்று போக வேண்டாம்.

வாலாஜாவுக்கு மு.வ. என்கிற மு. வரதராசனின் ‘அகல் விளக்கு’. 1961இல் சாகித்ய அகாதமி பரிசு பெற்ற நாவல். பாலாற்றைப் பற்றிய பேச்சோடு தொடங்கி வாலாஜாப்பேட்டைத் தெருக்களுக்குள் நம்மைக் கூட்டிப்போகும். நடுவில் அறிவுரை கூடுதல்தான், அந்தக் காலத்து நடை அப்படி. அதற்காக விட்டுவிடாதீர்கள். முதல் அத்தியாயங்களைப் படித்துவிட்டுப் பாலாற்றுப் பாலத்தில் நின்று மணலைப் பாருங்கள்.

மேற்கே குடியாத்தம், பேரணாம்பட்டுப் பக்கம் போகிறவர்களுக்கு அழகிய பெரியவனின் ‘தகப்பன் கொடி’. நிலத்தை இழந்த தலித் குடும்பத்தின் கதை. அந்தப் பக்கத்துப் பேச்சுமொழி பழகும்வரை முதல் 20 பக்கம் மெதுவாக நகரும், பொறுங்கள். பஸ்ஸில் வாய்க்குள் முணுமுணுத்துப் படித்தால் சீக்கிரம் பிடிபடும். வட ஆற்காட்டைப் பற்றி ஒரே நாவலுக்குத்தான் நேரம் என்றால் என் ஓட்டு இதற்கே. பொன்னை பக்கம் போனால் கவிப்பித்தனின் ‘நீவாநதி’ கிடைக்கிறதா என்று விசாரியுங்கள். நீவா என்பது பொன்னையாற்றின் இன்னொரு பெயர்.

பில் போடுமுன் பிரதியைப் புரட்டிப் பார்த்துவிடுங்கள். புத்தகத்தைப் பெரும்பாலும் 16 பக்க மடிப்புக் கட்டுகளாக, அதாவது பாரங்களாக, அச்சிட்டு மடித்துச் சேர்க்கிறார்கள். சேர்க்கும்போது ஒரு பாரம் விடுபட்டால் 48க்கு அடுத்து 65 வரும், இரண்டு தடவை விழுந்தால் 48க்குப் பிறகு மறுபடி 33 வரும். ஓரத்திலுள்ள பக்க எண்களை விரலால் ஓடவிட்டால் அரை நிமிடத்தில் தெரிந்துவிடும். நடுப்பக்கத்தை விரித்து முதுகைக் கவனியுங்கள், அங்கே வெடிப்பு விட்டால் பசை காய்ந்திருக்கிறது, வேறு பிரதி கேளுங்கள். சித்திரை, வைகாசியில் வேலூர் வெயில் 40 டிகிரியைத் தாண்டும். வண்டிப் பெட்டிக்குள்ளோ பூட்டிய காருக்குள்ளோ போட்டு வைத்தால் பசை இளகித் தாள் கழன்றுவிடும். துணிப்பையில் நிமிர்த்தி வைத்துக் கையோடு எடுத்துப் போங்கள்.

மாவட்டப் புத்தகத் திருவிழா நடக்கிற சமயமாக இருந்தால் வழக்கமான 10 சதவீதத் தள்ளுபடி கிடைக்கும். அங்கே முதல் சனி, ஞாயிறு சாயங்காலங்களில் கூட்டம் நெரியும், ஊழியருக்கு உங்களிடம் பேச நேரம் இருக்காது. வார நாளில், மதியம் மூன்று மணி வாக்கில் போங்கள்.