பச்சை உடம்புக்காரியின் மனசு: ஜூன் மாத நாட்குறிப்பு

ஜூன் 3, 2025 – செவ்வாய்

பிரசவமான மூன்றாம் நாள் காரணமில்லாமல் அழுகை வரும். நஞ்சுக்கொடி வெளியே வந்ததும் ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் இரண்டும் ஓரிரு நாளில் மளமளவென்று இறங்கிவிடுகின்றன. மார்பில் பால் கட்டுவதும் அதே சமயத்தில்தான். தையல் வலியும் விடிய விடிய முழிப்பும் கூடச் சேர்ந்துகொள்கின்றன. பாதிக்கு மேற்பட்ட தாய்மாருக்கு வருவது இது. நான்காம், ஐந்தாம் நாளில் உச்சத்துக்குப் போய், இரண்டு வாரத்துக்குள் தானே வடிந்துவிடும். மருந்து தேவையில்லை.

தேவைப்படுவது வாசலில் ஒரு ஆள். "யார் ஜாடை?", "பால் இருக்கா?", "ஏன் ஆபரேஷன் பண்ணாங்க?" என்று வருகிற கேள்விகளை அங்கேயே வாங்கிக்கொண்டு, பார்க்க வந்தவர்களைக் காபி கொடுத்து அனுப்பிவிட வேண்டும்.

பதினைந்தாம் நாளை காலண்டரில் வட்டமிட்டு வையுங்கள். அதற்குப் பிறகும் அழுகை நிற்கவில்லை என்றால் வேறு கணக்கு; பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வாக இருக்கலாம். அழுகை நின்று, முகத்தில் ஒன்றுமே இல்லாமல் போய்விட்டாலும் அப்படித்தான். இந்த இரண்டாவதை "தேறிட்டா" என்று வீட்டில் நினைத்துக்கொள்கிறார்கள். நாள் தள்ளிப்போவது பெரும்பாலும் இதில்தான்.

ஜூன் 5, வியாழன்

அந்த மனச்சோர்வு இருக்கிறதா என்று பார்க்க உதவும் கேள்வித்தாளான எடின்பரோ அளவுகோல் பற்றி. 1987-இல் வந்தது. பத்தே கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண், மொத்தம் 30. கடந்த ஏழு நாளில் எப்படி இருந்தது என்று மட்டும் கேட்கும். தமிழ் வடிவத்தைச் சோதித்த ஆய்வு 2005-இல் வெளிவந்தது. ஆங்கிலத்தில் 13-ஐ எல்லையாக வைத்திருந்தார்கள்; தமிழில் 9 வந்தாலே உட்கார வைத்துப் பேச வேண்டும் என்று அந்த ஆய்வு காட்டியது. நம் பெண்கள் தங்கள் கஷ்டத்தைக் குறைத்தே சொல்வார்கள் என்பதை வைத்துப் பார்த்தால் இதில் ஆச்சரியம் இல்லை.

எளிய தாள்தான், ஆனாலும் தவறாகப் போகிற இடங்கள் உண்டு. 1, 2, 4 ஆகிய மூன்று கேள்விகளில் மேலிருந்து கீழே 0, 1, 2, 3 என்று போடவேண்டும். மற்ற ஏழுக்கும் தலைகீழாக 3, 2, 1, 0. இதைக் கவனிக்காமல் கூட்டினால் நன்றாக இருப்பவளுக்கு 20 வரும், மூழ்கிக்கொண்டிருப்பவளுக்கு 8 வரும்.

அதைவிடப் பெரிய கோளாறு, பக்கத்தில் ஆள் இருப்பது. மாமியாரோ அம்மாவோ அறையில் இருந்தால் எல்லாப் பதிலும் "ஒண்ணுமில்லை"தான். கணவர் வாசித்துக்காட்டி அவரே டிக் போடுவதும் வேண்டாம். எழுதப் படிக்கத் தெரியாதவர் என்றால் செவிலியர் தனியாக வைத்துக் கேட்கலாம். குழந்தையை எடை பார்க்கத் தூக்கிக்கொண்டு பாட்டி போகிற ஐந்து நிமிடம் இதற்குப் போதும்.

பத்தாவது கேள்வி, தன்னைத்தானே ஏதாவது செய்துகொள்ளத் தோன்றியதா என்பது. மொத்தம் 4 வந்திருந்தாலும், அந்தக் கேள்விக்கு 0 தவிர வேறு எது வந்தாலும் அன்றைக்கே டாக்டரைப் பார்த்தாக வேண்டும். இது நோய்க்கு முத்திரை குத்தும் தாளும் அல்ல. யாரிடம் நிதானமாக உட்கார்ந்து பேசவேண்டும் என்று காட்டும், அவ்வளவுதான்.

தாள் கையில் இல்லாவிட்டால் ஒரே ஒரு கேள்வி: "பிள்ளை தூங்கும்போது உனக்குத் தூக்கம் வருதா?" பிள்ளை தூங்கி, வேலையும் இல்லாத நேரத்திலும் கண் மூட முடியவில்லை என்றால் அதை வெறும் களைப்பு என்று விட்டுவிடக் கூடாது.

ஜூன் 6, வெள்ளி

மனசு என்று முடிவு கட்டுமுன் ரத்தம் பாருங்கள். ஹீமோகுளோபின், தைராய்டுக்கு டி.எஸ்.எச்., முடிந்தால் பி12. பிரசவத்துக்குப் பின் வரும் தைராய்டு அழற்சி இரண்டு வேஷம் போடும். முதல் சில மாதம் படபடப்பு, எரிச்சல், எடை இறக்கம். பிறகு நான்காம் மாதத்தை ஒட்டி அப்படியே மாறி, அசதி, மந்தம், முடி கொட்டுதல்.

இரும்புச்சத்து மாத்திரை பிரசவத்துக்குப் பின்னும் 180 நாள். வீட்டுக்கு வந்ததும் மலச்சிக்கல் என்று நிறுத்திவிடுகிறார்கள். காபி, டீ, கால்சியம் மாத்திரை இவற்றுக்கும் இதற்கும் இரண்டு மணி நேரம் இடைவெளி வேண்டும்.

ஜூன் 9, திங்கள்

தூக்கம். "பிள்ளை தூங்கும்போது நீயும் தூங்கிக்கோ" என்பதைவிட உபயோகமில்லாத அறிவுரை கிடையாது. அந்த நாற்பது நிமிடத்தில்தான் அவள் குளிக்க வேண்டும், சாப்பிட வேண்டும். மனசைக் காப்பாற்றுவது துண்டு துண்டான எட்டு மணி நேரம் அல்ல. ஒரே மூச்சில் நான்கைந்து மணி நேரம்.

அதற்கு ஒரு ஏற்பாடு. தாய்ப்பால் நன்றாகச் சுரந்து பழகிய பிறகு, அதாவது ஐந்தாறு வாரத்துக்கு மேல்:

காலையில் முதல் பால் கொடுத்து ஒரு மணி நேரம் கழித்து, கையாலோ பம்பாலோ 60 முதல் 90 மில்லி எடுத்து வைக்கவும். காலையில்தான் பால் தாராளமாக இருக்கும். இரவு ஒன்பது மணிக்குப் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டு அவள் வேறு அறையில் படுக்க வேண்டும்; கதவு சாத்தியிருக்க வேண்டும். பதினொன்றரை, பன்னிரண்டு மணிப் பசிக்குக் கணவரோ பாட்டியோ எடுத்து வைத்த பாலைப் பாலாடையில் கொடுக்கலாம். பிள்ளையைச் சற்று நிமிர்த்திப் பிடித்து, உதட்டோரம் வைத்து, அது விழுங்க விழுங்கக் கொஞ்சம் கொஞ்சமாக. படுக்க வைத்து ஊற்றினால் புரையேறும். இரண்டு மணிக்கு அவள் எழுந்தால் போதும்.

எடுத்த பால் 25 டிகிரி வரை வெளியே நான்கு மணி நேரம் தாங்கும். ஜூன் மாதச் சென்னை வீட்டுக்குள் அந்த 25 டிகிரிக்கு எங்கே போவது? எடுத்தவுடன் பிரிட்ஜுக்குள், கதவுப் பக்கம் வைக்காமல் உள்ளே தள்ளி வையுங்கள். அங்கே நான்கு நாள் இருக்கும். சூடாக்க, கிண்ணத்தை வெந்நீரில் வைத்தால் போதும்; அடுப்பில் வைக்கக் கூடாது, மைக்ரோவேவும் கூடாது. பிள்ளை குடித்து மிச்சம் வைத்ததை இரண்டு மணி நேரத்தில் கொட்டிவிட வேண்டும்.

இந்த ஏற்பாடு முதல் வாரமே உடைவது பெரும்பாலும் பன்னிரண்டு மணிக்குக் கதவைத் தட்டி "பால் எங்க வச்சிருக்க?" என்று கேட்கும்போது. பால், பாலாடை, டயப்பர், துணி எல்லாம் ஒரே தட்டில் ஒன்பது மணிக்கே எடுத்து வைத்திருக்க வேண்டும், அதையும் இரவு டியூட்டிக்காரரே. இன்னொன்று, நடுவில் மார்பு கட்டிக்கொண்டு வலித்தால், வலி தணியும் அளவுக்கு மட்டும் கையால் பீய்ச்சலாம். முழுக்க எடுத்தால் மறுநாள் அதே நேரத்துக்கு உடம்பு இன்னும் அதிகமாகச் சுரக்கும்.

ஜூன் 12, வியாழன்

யாரும் வாய்விட்டுச் சொல்லாத விஷயம். பால்கனியில் நிற்கும்போது "பிள்ளையைப் போட்டுவிடுவேனோ" என்று ஒரு நினைப்பு. காய் நறுக்கும்போது கத்தியைப் பார்த்து இன்னொன்று. பால்கனிக் கதவைப் பூட்டிவிடுவாள், கத்தியைப் பரணில் வைப்பாள், பிள்ளையைக் குளிப்பாட்டவே பயப்படுவாள். அந்த நினைப்பைக் கண்டு அவளே நடுங்குகிறாள் அல்லவா, அதுதான் அடையாளம். இது பதற்றத்தின் வேலை, சிகிச்சையில் சரியாகும். "இப்படி நினைப்பு வருவது உண்டு, நிறைய தாய்மாருக்கு வரும்" என்று கேட்கிறவர் முந்திக்கொண்டு சொன்னால்தான் அவள் வாய் திறப்பாள்.

இதற்கு நேர் எதிர் ஒன்று இருக்கிறது, பிரசவத்துக்குப் பின் வரும் மனப்பிறழ்வு (சைக்கோசிஸ்). ஆயிரம் பிரசவத்தில் ஒன்றிரண்டு பேருக்கு, பெரும்பாலும் முதல் இரண்டு வாரத்துக்குள் வருவது. இரண்டு மூன்று ராத்திரி தூங்காமலேயே சுறுசுறுப்பாக இருப்பாள். பேச்சு தொடர்பில்லாமல் ஓடும். குரல் கேட்கிறது, பிள்ளையை மாற்றிவிட்டார்கள், சாப்பாட்டில் ஏதோ கலந்திருக்கிறது என்பாள். அந்த நினைப்பு அவளுக்குப் பயமாகத் தெரியாது, நிஜமாகவே தெரியும். "காத்து கருப்பு" என்று மந்திரிக்கக் கூட்டிக்கொண்டு போய் இரண்டு நாளை வீணாக்காதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள். தாயைத் தனியாக விடாதீர்கள். தாயும் பிள்ளையும் மட்டும் இருக்கும்படியும் விடாதீர்கள். பெங்களூரு மனநல மருத்துவமனையான நிம்ஹான்ஸில் தாயையும் சேயையும் பிரிக்காமல் சேர்த்து அனுமதிக்கும் தனிப் பிரிவு 2009 முதல் இருக்கிறது.

ஜூன் 14, சனி

பத்தியம். பூண்டுக் குழம்பு, லேகியம், கருவாடு, இவற்றோடு எந்தச் சண்டையும் வேண்டாம். சண்டை தண்ணீர் விஷயத்தில்தான். "தண்ணி குடிச்சா வயிறு தொங்கிடும்" என்று இரண்டு டம்ளரோடு நிறுத்திவிடுகிற வீடுகள் இன்னும் உண்டு. பால் கொடுப்பவளுக்கு அது மலச்சிக்கல், நீர்க்கடுப்பு, தலைவலி. ஒவ்வொரு முறை பால் கொடுக்க உட்காரும்போதும் கைக்கெட்டும் தூரத்தில் ஒரு சொம்பு வெந்நீர் இருக்கட்டும்.

பெரியவர்களிடம் வாதாடி ஜெயித்தவர் குறைவு. "அத்தை, டாக்டர் வெந்நீராத்தான் குடிக்கச் சொன்னாங்க, சீரகம் போட்டுக் கொதிக்க வச்சுத் தர்றீங்களா?" என்றால் வேலை நடக்கும். "உனக்குப் பாலே பத்தல, பிள்ளை அழுதுட்டே இருக்கு" என்ற பேச்சுக்குப் பதில், பிள்ளை நாளைக்கு ஆறு முறையாவது சிறுநீர் போகிறதா என்று எண்ணிக் காட்டுவது. எண்ணிக்கை சரியாக இருந்து எடையும் ஏறினால் பால் போதுமானதாக இருக்கிறது.

ஜூன் 18, புதன்

தடுப்பூசி நாள். ஆறாம் வாரம், பத்தாம் வாரம், பதினான்காம் வாரம். மூன்று முறையும் பிள்ளைக்கு எடை, பிள்ளைக்கு ஊசி, பிள்ளைக்கு அட்டை. கூடவே நிற்கும் தாயிடம் ஒரு வார்த்தை கேட்க இதைவிட வசதியான நாள் கிடையாது.

பெரிய டாக்டர்தான் வேண்டும் என்பதில்லை. பாகிஸ்தானின் ராவல்பிண்டி மாவட்டக் கிராமங்களில், மனநலப் படிப்பு ஏதும் இல்லாத சுகாதாரப் பணிப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து, வீடு வீடாகப் போய்த் தாய்மாரிடம் முறையாகப் பேச வைத்தார்கள். 2008-இல் முடிவு வெளிவந்தது. கர்ப்ப காலத்திலேயே மனச்சோர்வில் இருந்த பெண்கள் அவர்கள். பிள்ளைக்கு ஆறு மாதமானபோது, அந்தப் பேச்சு கிடைத்தவர்களில் 23 சதவீதத்தினரும், வழக்கமான வருகை மட்டும் கிடைத்தவர்களில் 53 சதவீதத்தினரும் மனச்சோர்வில் இருந்தார்கள்.

ஜூன் 21, சனி

எல்லோரும் முதல் பதினைந்து நாளைத்தான் பார்த்துக்கொள்கிறார்கள். எங்கள் கணிப்பில் தலைப்பிள்ளைக்காரிக்கு அதைவிடக் கடினமானது மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ, தாய்வீட்டிலிருந்து பிள்ளையோடு திரும்பும் வாரம். அதுவரை எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டவும் தூளி ஆட்டவும் அம்மா இருந்தாள். திரும்பிப் போனதும் பெருநகரத்து இரண்டு படுக்கையறை வீடு, காலை எட்டரைக்குப் போய் இரவு எட்டரைக்கு வரும் கணவர். நாள் முழுக்கப் பெரியவர் குரல் காதில் விழாது. உதவி கிடைத்ததெல்லாம் முன்னாடியே தீர்ந்துபோய், தூக்கக் கடனும் ஏறியிருக்கும் நேரம் அது. மனச்சோர்வு பிரசவமாகி ஒரு வருஷத்துக்குள் எப்போது வேண்டுமானாலும் தொடங்கலாம் என்பதை யாரும் சொல்லி அனுப்புவதில்லை.

திரும்புவதற்குப் பத்து நாள் முன்பே கணவர் வந்து இரண்டு ராத்திரி தங்கிப் பழக வேண்டும். குளிப்பாட்ட, சமைக்க, துணிக்கு என்று ஆளைப் பேசி வைத்துவிட்டுத்தான் நல்ல நாள் பார்க்க வேண்டும்.

வீட்டு வேலையில் "ஹெல்ப்" பண்ணுவது பாதிச் சுமையைக் கூடக் குறைக்காது. என்ன செய்ய வேண்டும் என்று நினைவில் வைத்திருப்பதே ஒரு வேலை. ஆகவே வேலையை முழுசாகக் கைமாற்றுங்கள். தடுப்பூசி கணவருடையது என்றால் தேதி, அட்டை, ஆட்டோ, ஆபீஸில் லீவு, எடைக்கேற்ற காய்ச்சல் மருந்தின் அளவைக் கேட்டு எழுதி வைப்பது, அன்று ராத்திரி காய்ச்சல் பார்ப்பது எல்லாமே அவருடையது. இரண்டு வேலை இப்படி மொத்தமாகப் போனால், இருபது வேலையில் கூடமாட நிற்பதைவிடப் பாரம் குறையும்.

ஜூன் 25, புதன்

வேலைக்குத் திரும்புதல். மகப்பேறு நலச் சட்டத்தின் 2017 திருத்தத்துக்குப் பிறகு முதல் இரண்டு பிரசவத்துக்கு 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு. தமிழ்நாட்டு அரசு ஊழியர்களுக்கு 2021 ஜூலை முதல் 12 மாதம். ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும். பிள்ளைக்கு 15 மாதம் ஆகும்வரை பால் கொடுக்க நாளைக்கு இரண்டு இடைவேளை சட்டப்படி உண்டு, கேட்பவர்கள்தான் குறைவு. வாயால் கேட்காமல் மெயிலில் கேளுங்கள், பம்ப் செய்யப் பூட்டுகிற கதவும் பிளக் பாயிண்ட்டும் உள்ள ஒரு அறையையும் சேர்த்து. கழிவறை அதற்கு இடமல்ல.

பிள்ளையைப் பார்த்துக்கொள்ளப் போகிறவரிடம் இரண்டு வாரம் முன்பே ஒரு மணி நேரம், மூன்று மணி நேரம், அரை நாள் என்று விட்டுப் பழக்குங்கள். முதல் நாளாகத் திங்கள் வேண்டாம். வியாழனில் சேர்ந்தால் இரண்டாம் நாள் முடிந்ததும் மூச்சு விடலாம்.

ஜூன் 28, சனி

மாத்திரை. "பால் குடுக்கிறவ மனசு மாத்திரை சாப்பிடக் கூடாது" என்பதால் மாதக்கணக்கில் அவதிப்படுகிறவர்கள் உண்டு. மனச்சோர்வுக்கான மாத்திரைகளில் ஒன்றான செர்ட்ரலின் பாலில் மிகக் குறைவாகவே சேர்கிறது. பால் கொடுப்பவர்களுக்கு டாக்டர்கள் பெரும்பாலும் முதலில் யோசிப்பது அதைத்தான். லேசான சோர்வுக்கு மாத்திரை இல்லாமல் பேச்சு சிகிச்சையே போதுமாகலாம். எங்கே தொடங்குவது என்று தெரியாவிட்டால் அரசின் மனநல உதவித் தொலைபேசி டெலி மானஸ், 14416. இலவசம், இருபத்து நான்கு மணி நேரமும், தமிழிலும் பேசலாம்.

மாத்திரை வேலை காட்ட இரண்டு முதல் நான்கு வாரம், சிலருக்கு இன்னும் கொஞ்சம் ஆகும். முதல் வாரம் குமட்டலும் தலைவலியும் மட்டும்தான் தெரியும். "ஒண்ணும் ஆகல" என்று பத்தாம் நாள் நிறுத்துவது ஒரு தவறு. நன்றாகிவிட்டது என்று இரண்டாம் மாதம் நிறுத்துவது இன்னொன்று. தேறிய பிறகும் ஆறு மாதமாவது தொடர்ந்து, பிறகு டாக்டர் சொல்படி படிப்படியாகக் குறைக்க வேண்டும். முன்பு எப்போதாவது தூக்கமே வேண்டாமல், அளவுக்கு மீறிய உற்சாகத்தோடும் பேச்சோடும் சில நாட்கள் இருந்ததுண்டா, குடும்பத்தில் இப்படி உற்சாகமும் சோர்வும் மாறி மாறி வரும் இருமுனைக் கோளாறு யாருக்காவது உண்டா? முதல் நாளே சொல்லிவிடுங்கள். அப்படிப்பட்டவர்களுக்குச் சோர்வு மாத்திரையை மட்டும் தனியாகக் கொடுத்தால் மனம் எதிர்த் திசையில் எகிறிவிடலாம். டாக்டர் கேட்க மறந்தாலும் வீட்டார் சொல்ல மறக்கக் கூடாது.