ஞாயிறு வாசகம் எல்லா ஊருக்கும் ஒன்றுதான்

தவக்காலத்தின் நான்காம் ஞாயிறு. கோயிலில் பதிலுரைப் பாடல் போய்க்கொண்டிருந்தது. இந்த நாட்டு மொழி எனக்கு அரைகுறை என்பதால், கைபேசியில் தமிழ் விவிலியத்தைத் திறந்து அன்றைய திருப்பாடலைத் தேடினேன். 137. பாபிலோனுக்கு நாடுகடத்தப்பட்டு, அங்கே ஆற்றங்கரையில் உட்கார்ந்து சீயோனை, அதாவது தங்கள் எருசலேமை நினைத்து அழுத யூதர்களின் பாட்டு. ஆண்டவரின் பாடலை அன்னிய நாட்டில் எப்படிப் பாடுவது என்று அவர்கள் கேட்கும் வரி வந்ததும் நெஞ்சு சுருக்கென்றது. சின்ன வயதிலிருந்து கேட்ட வரிதான். அன்றைக்குத்தான் அது என்னைப் பற்றிப் பேசியது.

அதுவரை பூசை எனக்குக் கடமைக்கு என்று ஆகியிருந்தது. வரிசை எல்லாம் அதேதான். முழந்தாள்படியிடும் இடம்கூடக் கிட்டத்தட்ட மாறவில்லை. ஆனால் பாடலுக்கு இங்கே பாதிப் பேர் வாய் திறப்பதில்லை. நம் கோயில்களிலோ பாடகர் குழு ஆரம்பிக்கும் முன்பே பின்வரிசைப் பாட்டிகள் ஆரம்பித்து விடுவார்கள், அதுவும் வேறு சுருதியில். அந்தச் சத்தத்துக்கு மனசு அப்படி ஏங்கியது.

அந்த ஞாயிறுக்குப் பிறகு, சனிக்கிழமை இரவே மறுநாள் வாசகங்களைத் தமிழில் வாசித்துவிட்டுப் போக ஆரம்பித்தேன். 1969இல் வந்த கத்தோலிக்க வாசக ஒழுங்குப்படி முதல் ஆண்டு மத்தேயு நற்செய்தி, அடுத்து மாற்கு, அப்புறம் லூக்கா என்று மூன்றாண்டுச் சுற்று. எந்த ஊர்க் கோயிலானாலும் அந்த ஞாயிறுக்கு அதே வாசகம்தான். எனக்கு இங்கே பூசை தொடங்கும் முன்பே அம்மா போனில், "இன்னிக்கு ஃபாதர் நிக்கதேமைப் பத்தி நல்லா பிரசங்கம் வச்சாரு" என்பார். இயேசுவை இரவில் தேடி வந்த அந்த நிக்கதேமின் கதையை, அதே நற்செய்தியை, ஒரு மணி நேரத்தில் இங்கே நின்றுகொண்டு கேட்பேன். இதைவிடப் பெரிய ஆறுதல் இந்த நாட்டில் எனக்குக் கிடைக்கவில்லை.

அந்தப் பாஸ்காவுக்கு, அதாவது உயிர்ப்புத் திருவிழாவுக்கு முன், குருவிடம் பாவங்களை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். குருவுக்குத் தமிழ் தெரியாது. தமிழில் என்றால் ஒரு பாவத்தைச் சொல்வதற்குள் அதற்கான காரணம், சூழ்நிலை, அடுத்தவர் செய்த தப்பு எல்லாம் சேர்ந்து வந்துவிடும். இங்கே எனக்குத் தெரிந்த சொற்கள் கொஞ்சம். கோபப்பட்டேன், பொய் சொன்னேன், செபிக்கவில்லை. அவ்வளவுதான் சொல்ல முடிந்தது. சாக்குச் சொல்லச் சொல்லே இல்லை. அவ்வளவு சுத்தமாக நான் அதற்கு முன் அறிக்கையிட்டதில்லை.

பாஸ்கா திருவிழிப்பில் மெழுகுவர்த்தியைப் பிடித்துக்கொண்டு திருமுழுக்கு வாக்குறுதிகளைப் புதுப்பித்தோம். கைக்குழந்தையாக இருந்தபோது ஞானப்பெற்றோர் எனக்காகச் சொன்ன பதிலை, இந்த முறை யோசித்து, இந்த நாட்டு மொழியிலேயே சொன்னேன்.

இப்போது பழகிவிட்டது. அப்படித்தான் எல்லோரிடமும் சொல்கிறேன். ஆனால் சனிக்கிழமை இரவு விவிலியத்தை எடுத்தாலே, செபமாலை முடிந்ததும் அப்பா வரிக்குக் கீழே விரலை வைத்து வாசித்ததும், மன்றாட்டு மாலைக்குள் நாங்கள் தூங்கிச் சரிந்ததும் கண்முன் வந்துவிடும்.

மகள் தூங்குவதில்லை, கேள்வி கேட்கிறாள். "நிக்கதேம் ஏன் ராத்திரியில வந்தாரு?"

"யாராவது பார்த்துடுவாங்கன்னு பயந்திருப்பாரும்மா."

"அப்புறம் பகல்ல வந்தாரா?"

யோவான் 19ஆம் அதிகாரத்தைத் திறந்தேன். சீடர்கள் ஓடிப்போன பிறகு, சிலுவையிலிருந்து இறக்கிய உடலை அடக்கம் செய்ய அவர் நறுமணப் பொருள்களைச் சுமந்துகொண்டு வரும் இடத்தை அவளே எழுத்துக்கூட்டி வாசித்தாள்.