டைப் 1 சர்க்கரை உள்ள பிள்ளைகள்: பள்ளியிலும் விடுதியிலும் செய்ய வேண்டிய ஏற்பாடுகள்

டைப் 1 சர்க்கரை உள்ள பிள்ளையைப் புதுப் பள்ளியில் சேர்க்கும்போது, பல வீடுகளில் நோயைப் பற்றி மட்டும் வாய் திறப்பதில்லை. பெண் பிள்ளை என்றால் இன்னும் மறைப்பார்கள். நாளைக்குக் கல்யாணப் பேச்சு வரும்போது யாராவது சொல்லிவிட்டால் என்ன செய்வது என்ற பயம். அந்தப் பயம் எங்கிருந்து வருகிறது என்று தெரியும். ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டும். வகுப்பில் சுகர் 50-க்கு இறங்கி, பேச்சு குழறி, பிள்ளை மேசையில் தலை சாய்க்கும்போது, "தூக்கமா? போய் முகம் கழுவிட்டு வா" என்று தனியே அனுப்பிவிட்டால் கழிவறையிலேயே மயங்கி விழலாம்.

இனிப்பு அதிகம் தின்றதால் வந்த நோயில்லை இது. உடலின் எதிர்ப்பு சக்தியே கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களை அழித்துவிடுகிறது. அதனால் வெளியிலிருந்து இன்சுலின் போட்டே ஆக வேண்டும், அதுவும் தினமும், பல வேளை. மாத்திரை, கஷாயம், பத்தியம் என்று சொல்லி ஊசியை நிறுத்தச் சொல்கிறவர் யாராக இருந்தாலும் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

பள்ளியில் வகுப்பாசிரியர், பி.டி. ஆசிரியர், நெருங்கிய நண்பர் ஒருவர் என மூன்று பேருக்காவது விஷயம் தெரிய வேண்டும். வாயால் சொன்னால் ஆசிரியர் மாறியதும் மறந்துபோகும். ஒரே பக்கத்தில் தமிழில் எழுதி, டாக்டர் கையெழுத்தோடு கொடுங்கள். சுகர் இறங்கினால் இந்தப் பிள்ளைக்கு என்ன அறிகுறி வரும், என்ன கொடுக்க வேண்டும், யாருக்கு போன் செய்ய வேண்டும் என்பது மட்டும் போதும். நோய் விளக்கம் இரண்டு பக்கத்துக்கு நீண்டால் யாரும் படிக்க மாட்டார்கள். பள்ளி தயங்கினால், வகுப்பில் சுகர் பார்க்கவும், ஊசி போட்டுக்கொள்ளவும், இடையில் சாப்பிடவும் அனுமதிக்கச் சொல்லி தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் 2023-இல் மாநிலங்களுக்கு எழுதியிருப்பதைக் காட்டலாம்.

லோ சுகருக்கான வைத்தியம் எளிது, ஆனால் தப்பாகச் செய்கிறவர்களே அதிகம். 70-க்குக் கீழே போனால் உடனே குளுக்கோஸ். அளவு, எடையில் ஒரு கிலோவுக்கு 0.3 கிராம். 30 கிலோ பிள்ளைக்கு 9 கிராம், 50 கிலோ பிள்ளைக்கு 15 கிராம். அந்த நேரத்தில் கரண்டி தேடி அளக்க முடியாது. வீட்டிலேயே சமையல் தராசில் நிறுத்து, சின்ன ஜிப் கவர்களில் ஒரு வேளைக்கு ஒன்றாகப் போட்டு, பையில் மூன்று, ஆசிரியர் மேசையில் இரண்டு, விளையாட்டு அறையில் இரண்டு என்று வைத்துவிடுங்கள். தண்ணீரில் கரைத்துக் குடித்த பின் 15 நிமிடம் கழித்துத் திரும்பப் பார்க்க வேண்டும். ஏறவில்லை என்றால் இன்னொரு கவர். ஏறிய பிறகு, அடுத்த சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் இருந்தால் இரண்டு பிஸ்கட்டோ ஒரு வாழைப்பழமோ போதும்.

சாக்லேட் இதற்கு உதவாது. அதிலுள்ள கொழுப்பு, சர்க்கரை ரத்தத்தில் சேர்வதைத் தாமதமாக்கும். "சுகர் இருக்கிற பிள்ளைக்கு குளுக்கோஸா?" என்று தடுப்பவரும் உண்டு, மயங்கினால் இன்சுலின் போட வேண்டும் என்று நினைப்பவரும் உண்டு. இரண்டாவது தவறு உயிரையே எடுத்துவிடும். அந்த ஒரு பக்கத் தாளின் தலைப்பிலேயே "மயங்கினால் இன்சுலின் போடக் கூடாது" என்று பெரிய எழுத்தில் எழுதுங்கள். நினைவில்லை என்றால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. ஒருக்களித்துப் படுக்கவைத்து 108-ஐ அழைக்க வேண்டும். மயங்கிய பிள்ளைக்குச் சுகரை ஏற்றும் குளுக்ககான் ஊசியை வாங்க முடிந்த வீடுகள், அதைப் போடத் தெரிந்த ஒருவரைப் பள்ளியில் தயார் செய்துவைப்பது நல்லது. பொதுவாக 25 கிலோவுக்குக் கீழே அரை மில்லிகிராம், அதற்கு மேல் ஒரு மில்லிகிராம்.

இன்னொன்றையும் ஆசிரியர்களிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். சுகர் ஏறிவிட்டாலும் மூளை தெளிய அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். அந்த நேரத்தில் கணக்குப் பரீட்சை வைத்து, "கவனமே இல்லை" என்று திட்டுவது அநியாயம். சுகர் ஏறிக் கிடக்கும் நாளில் தாகமும் சிறுநீரும் அதிகமாக இருக்கும். ஒவ்வொரு முறையும் கை தூக்கி அனுமதி கேட்க வைக்காதீர்கள்.

மதிய ஊசிதான் முதலில் தவறும். காரணம் சோம்பல் இல்லை, இடம். கழிவறையில் நின்று ஊசி போடச் சொன்னால் எந்தப் பிள்ளைக்கும் மனம் வராது. ஆசிரியர் ஓய்வறையில் ஒரு நாற்காலி, கை கழுவத் தண்ணீர், இவ்வளவு கிடைத்தால் போதும். கை கழுவாமல் மீட்டரில் பார்த்தால் அளவு பொய்யாகக் காட்டும். ஆரஞ்சு உரித்த விரலில் ஒட்டியிருக்கும் சாறே சுகரை வெகுவாகக் கூட்டிக் காட்டிவிடும். அதை நம்பி இன்சுலின் ஏற்றினால் லோவில் போய் முடியும்.

சிரிஞ்ச் விஷயம் நம் ஊரில் மிக முக்கியம். இங்கே குப்பி இன்சுலின் பெரும்பாலும் மில்லிக்கு 40 யூனிட், அதற்குச் சிவப்பு மூடி சிரிஞ்ச். பேனாவில் போடும் கார்ட்ரிட்ஜ் மில்லிக்கு 100 யூனிட். 100-க்கான சிரிஞ்சுக்கு ஆரஞ்சு மூடி. 40 குப்பியிலிருந்து ஆரஞ்சு சிரிஞ்சில் 10 கோடு எடுத்தால் உள்ளே போவது 4 யூனிட்தான். தலைகீழாக, 100 இன்சுலினைச் சிவப்பு சிரிஞ்சில் 10 கோடு எடுத்தால் 25 யூனிட் போய்விடும். பேனா ரிப்பேர், அவசரத்துக்கு சிரிஞ்சில் எடுக்கலாம் என்று நினைக்கும்போதுதான் இது நடக்கிறது. மருந்துக் கடையில் மூடியின் நிறத்தையும் குப்பியில் அச்சிட்ட எண்ணையும் ஒவ்வொரு முறையும் பிள்ளையே ஒப்பிட்டுப் பார்க்கப் பழக்குங்கள்.

விளையாட்டுக்குத் தடை போடாதீர்கள். விளையாடும் முன் சுகர் பார்க்க வேண்டும், குளுக்கோஸ் கவர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். ஓடி விளையாடிய நாளில் இரவிலும் சுகர் இறங்கலாம் என்பதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள்.

காய்ச்சல், வாந்தி என்றால் "ஒன்றும் சாப்பிடலையே" என்று ஊசியை நிறுத்திவிடுவது வழக்கமான தவறு. அளவு மாறலாம், அதை டாக்டர் சொல்வார். இன்சுலினை முழுதாக நிறுத்தக் கூடாது. சுகர் 250-க்கு மேல், கூடவே வாந்தி, வயிற்றுவலி, மேல்மூச்சு இருந்தால் சிறுநீரில் கீட்டோன் (இன்சுலின் போதாதபோது உடலில் சேரும் அமிலம்) இருக்கிறதா என்று ஸ்ட்ரிப் வைத்துப் பார்த்துவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். ஸ்ட்ரிப் கையில் இல்லை என்றால் அதற்காகக் காத்திருக்க வேண்டாம்.

பொதுத் தேர்வில் டைப் 1 மாணவர்கள் குளுக்கோஸ் மாத்திரை, சாக்லேட், பழம், சாண்ட்விச், தண்ணீர் கொண்டுபோக சிபிஎஸ்இ 2017-இல் அனுமதித்தது. டாக்டர் சான்றிதழைப் பள்ளி வழியாக முன்பே கொடுத்திருக்க வேண்டும். ஜேஇஇ மெயினில் மாத்திரையும் வாழைப்பழம் போன்ற பழங்களும் தண்ணீரும் உண்டு, ஆனால் சாக்லேட், சாண்ட்விச் மாதிரி பாக்கெட் உணவுக்கு இடமில்லை. அந்தந்த ஆண்டு அறிவிப்பைப் படித்துவிட்டுப் பையைக் கட்டுங்கள். மாநில வாரியத் தேர்வுக்குத் தலைமையாசிரியரிடம் எழுத்தில் கேட்டு, பதிலையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் ஹீமோபிலியாவும் தலசீமியாவும் உண்டு, டைப் 1 இல்லை. எனவே மாற்றுத்திறனாளி அடையாள அட்டையை நம்பிக் காத்திருக்க முடியாது. இது மாற வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

கல்லூரி விடுதி என்றால் முதல் கேள்வி இன்சுலினை எங்கே வைப்பது என்பதுதான். திறக்காத குப்பி 2 முதல் 8 டிகிரியில் இருக்க வேண்டும். வார்டன் ஃபிரிட்ஜில் வைத்தால் கதவுத் தட்டில் வையுங்கள். ஃப்ரீசரை ஒட்டி வைத்து உறைந்துவிட்டால், உருகிய பிறகும் அது வீண். திறந்த குப்பி 30 டிகிரிக்குள் நான்கு வாரம் தாங்கும். திறந்த தேதியை அட்டையில் எழுதிவிடுங்கள். ஃபிரிட்ஜ் இல்லாத இடத்தில் பெரிய மண்பானைக்குள் ஈர மணல், அதற்குள் சின்னப் பானை, அதில் நீர் புகாத கவரில் இன்சுலின். நிழலும் காற்றோட்டமும் உள்ள இடத்தில் வைத்தால் வெளிச்சூட்டைவிடப் பல டிகிரி குறையும். மதுரை, திருச்சி மாதிரி வறண்ட வெயிலில் நன்றாக வேலை செய்யும், சென்னைப் புழுக்கத்தில் அவ்வளவு இல்லை.

அறைத் தோழருக்கு மீட்டரில் பார்க்கவும் குளுக்கோஸ் கரைக்கவும் முதல் வாரத்திலேயே கற்றுக்கொடுங்கள். இரவில் வியர்த்துப் புலம்பினால் கனவு என்று விட்டுவிடாமல் எழுப்பிப் பார்க்கச் சொல்லுங்கள். மெஸ்ஸில் சாப்பாடு தாமதமாவது சகஜம், அதனால் தட்டைப் பார்த்த பிறகே ஊசி போடச் சொல்லுங்கள். ஊருக்குப் போகும்போது இன்சுலின் கைப்பையில்தான் இருக்க வேண்டும். பஸ் டிக்கியில் போட்டால் மே மாத வெயிலில் ஊர் வந்து சேர்வதற்குள் கெட்டுவிடும்.